குஞ்சு சாகிறது, என்ன மருந்து கொடுப்பது?

கேள்வி: ஐயா வணக்கம். கோழி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நாட்டுக்கோழிக் குஞ்சு என்று சொன்னார்கள், 25 வாங்கி வந்தேன். ஒரு நாள் குஞ்சாம். அட்டைப்பெட்டியில் விட்டு மேலே 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறேன். அரிசிக் குருணையும் தண்ணீரும் வைக்கிறேன். நான்கே நாளில் 9 குஞ்சு போய்விட்டது. விடிந்து பார்த்தால் மூலையில் நசுங்கிக் கிடக்கிறது. சிலதுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? வீட்டில் ஒரு கோழி அடை படுத்திருக்கிறது, அதோடு விட்டுவிடலாமா? (திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: தம்பி, முதலில் அந்த பல்பை மாற்றிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். எல்.இ.டி. வெளிச்சத்துக்குத்தான் ஆகும், அதிலிருந்து குஞ்சுக்குச் சூடு கிடைக்காது. பழைய குண்டு பல்பு இன்னும் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்குச் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் குஞ்சுகளை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் இந்த மார்கழிப் பனியில், அந்தக் கணக்கு பத்தாது. 40 வாட் பல்பு இரண்டு வாங்கித் தனித்தனி ஹோல்டரில் போடுங்கள். ராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று எரியும்.

நீங்கள் மருந்து கேட்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் குளிரில்தான் போயிருக்கின்றன. முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் அடையும், அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். காலையில் நசுங்கிக் கிடப்பது அதனால்தான். பெட்டியில் மூலை இருக்கிறவரை இது நடக்கும். தகரத்தையோ கெட்டி அட்டையையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டுங்கள், மிச்சமிருக்கும் 16 குஞ்சுக்கு மூன்றடி குறுக்களவு தாராளம். கீழே இரண்டு அங்குலம் உமியோ கடலைத் தோலோ பரப்பி, உமியைக் கொத்தித் தின்னாமல் இருக்க முதல் இரண்டு மூன்று நாள் மேலே செய்தித்தாள் விரித்து, ஈரமானால் மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்பான காகிதம் மட்டும் வேண்டாம், கால் சறுக்கி அகன்றுவிட்டால் அந்தக் குஞ்சு தேறுவது கஷ்டம்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லையா, கவலையில்லை, குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு நேர் கீழே குவிந்து கீச் கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர், பல்பைத் தாழ்த்துங்கள். ஓரத்துக்கு ஓடி இறக்கையை விரித்து வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம், உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது, சாக்கைக் கட்டுங்கள். வட்டம் முழுக்கப் பரவி, தின்பது தின்றுகொண்டு, தூங்குவது தூங்கிக்கொண்டு இருந்தால் சரியாக இருக்கிறது. படுக்கப் போகும் முன் ஒரு தடவையும் விடிகாலை மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவையும் எழுந்து பாருங்கள், பனி கனமாக இறங்குவது அப்போதுதான். கரண்ட் போனால் பானையில் கரி போட்டுக் கனல் வைக்கும் வழக்கம் உண்டு, அது நல்லதுதான், ஆனால் புகை நின்ற பிறகு, காற்று போய்வரும் இடத்தில் மட்டும். அறையை மூடிக்கொண்டு வைத்தால் குஞ்சுக்கும் ஆபத்து, அதே அறையில் படுத்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து.

அடுத்தது தீனி. பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவை வைத்தே இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிகிறது. ஆனால் வந்து சேரும்போது தாகத்தில் இருக்கும். இறக்கியதும் முதலில் தண்ணீர்தான் காட்ட வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கலந்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை மெல்ல நனைத்து விட்டால் கற்றுக்கொள்ளும். குருணை முதல் நாள் சில மணி நேரத்துக்குச் சரி, அதையே தொடர்ந்து போட்டால் வளர்ச்சி நிற்கும், கால் வலுவிழக்கும். குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும், எட்டு வாரம் வரை அதுதான். கடையில் குஞ்சுத் தீவனம் இல்லையென்றால் பிராய்லர் ஸ்டார்ட்டர் (கறிக்கோழிக் குஞ்சுக்கான தீவனம்) வாங்கிக்கொள்ளுங்கள், முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் கொடுக்காதீர்கள், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

எச்சம் ஒட்டியவற்றை வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். விட்டுவைத்தால் கழிவு வெளியேற வழியில்லாமல் செத்துப்போகும். துடைத்ததும் பல்புக்கு அடியில் விடுங்கள். சூடு சரியானதும் பெரும்பாலும் இது தானாகக் குறையும். மருந்துக்கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்கும் வேலை வேண்டாம். தொப்புள் ஆறாமல் ஈரமாகவோ கறுத்தோ இருக்கும் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே கிருமி பிடித்து வந்தவை, அவற்றில் சில போகத்தான் செய்யும். சூட்டையும் தண்ணீரையும் சரி செய்து இரண்டு நாள் ஆகியும் சாவு நிற்கவில்லை என்றால், செத்த குஞ்சை உடனே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிழைத்ததைக் காப்பாற்றுவது தடுப்பூசி. நம் ஊரில் கோழிப் பண்ணையைக் காலி செய்வது ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல்தான், வந்த பிறகு மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு ராணிக்கெட் தடுப்பு மருந்து (எஃப் ஸ்ட்ரெயின் அல்லது லசோட்டா), 14ஆம் நாள் கம்போரோ (குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் நோய்) தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் வாக்கில் ராணிக்கெட் ஊசி. உங்களுக்கு ஏழாம் நாள் இதோ வந்துவிட்டது, ஆனால் வாடியிருக்கும் குஞ்சுக்குப் போட வேண்டாம், இரண்டு நாள் தேற்றிவிட்டுப் போடுங்கள். மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். புட்டி நிறையக் குஞ்சுகளுக்கு வரும் என்பதால் பக்கத்துக்காரர்களோடு சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை, தடுப்பூசிக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மூன்றாம் வாரத்துக்கு மேல் இரத்தக் கழிச்சல் வரும், உமி ஈரமாக இருக்கும் இடத்தில்தான் அது பெருகும். தினமும் கிளறிவிடுங்கள், தண்ணீர்க் குவளையைச் சுற்றி நனைந்ததை அள்ளி எறியுங்கள். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அதற்கு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

சந்தையில் ‘நாட்டுக்கோழி’ என்று விற்பது பெரும்பாலும் கலப்புதான், வளர்க்க முடியாததில்லை. சாயம் பூசி விற்கிறார்களே பச்சை, ரோஸ் என்று, அது முட்டைக்கோழிப் பண்ணைகள் ஒதுக்கும் சேவல் குஞ்சு, அதை வாங்கவே வாங்காதீர்கள். அடுத்த தடவை பொரிப்பகத்திலோ கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையிலோ முன்கூட்டியே சொல்லிவைத்து, மேரெக்ஸ் (காலையும் இறக்கையையும் முடக்கும் நோய்) தடுப்பூசி போட்டுத்தான் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், அது பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டியது.

அடைக்கோழியோடு விடலாமா என்றால், விடலாம், பல்பை விட அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கோழி பத்து நாளுக்கு மேலாவது அடை படுத்திருக்க வேண்டும், பேன் இருக்கக் கூடாது. பகலில் கொண்டுபோய் விட்டால் கொத்தும். நன்றாக இருட்டிய பிறகு, அடியில் இருக்கும் முட்டையை எடுத்துக்கொண்டே ஒவ்வொரு குஞ்சாக உள்ளே தள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இறக்கைக்குள் அடங்காது, மீதி பல்புக்கு அடியிலேயே இருக்கட்டும். விடியும்போது பக்கத்தில் நில்லுங்கள், கொத்தி விரட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆகப்போகிறது, அதற்கு மேல் போனால் தாயும் ஏற்காது, குஞ்சும் ஒட்டாது, அதனால் செய்வதென்றால் இன்று ராத்திரியே செய்யுங்கள்.