பதில்: சிஆர்2032-ல் நீல எல்இடி மங்குவது ஏன்?

சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரியில் இண்டிகேட்டராக வைத்த நீல எல்இடி மங்கலாக எரிகிறது, மீட்டரில் 2.9 வோல்ட் காட்டுகிறது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை எடுத்துப் பார்த்தும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பேட்டரி கெட்டுப்போகவில்லை. மீட்டரில் 2.9 வோல்ட் காட்டுவது சுமை இல்லாதபோது, அதாவது பேட்டரியிலிருந்து எதுவும் மின்சாரம் எடுக்காதபோது. நீல எல்இடி பளிச்சென்று எரியவே ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அதை இணைத்ததும் செல்லின் உள் மின்தடையால் வோல்டேஜ் இன்னும் இறங்கும், அப்புறம் எப்படி எரியும்? ரெசிஸ்டரை எடுத்துவிட்டதும் இதனால்தான் பலன் தரவில்லை.

சிவப்புக்கு மாறுங்கள். அதற்கு 1.8 வோல்ட் போதும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 1.2 மில்லி ஆம்பியர் ஓடும். நல்ல பிரகாச வகை எல்இடி என்றால் அறைக்குள் தாராளமாகத் தெரியும்.

ஆனால் தொடர்ந்து எரியவிடாதீர்கள், தயவுசெய்து. இந்த செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணிதான், அதுவும் 0.2 மில்லி ஆம்பியர் அளவில் மெதுவாக எடுத்தால். எப்போதும் எரிந்தால் ஒரு வாரம்கூடத் தாங்குவது சந்தேகம். நீங்கள்தான் ஏற்கெனவே சுற்றில் மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு சிப்) வைத்திருக்கிறீர்களே, 2 விநாடிக்கு ஒருமுறை 20 மில்லி விநாடி மட்டும் மினுக்குங்கள். சராசரி 12 மைக்ரோ ஆம்பியராகக் குறைந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் மைக்ரோகன்ட்ரோலரையும் தூங்க வைத்தால் மாதக்கணக்கில் ஓடும்.

நீலம்தான் வேண்டுமென்றால் வோல்டேஜை உயர்த்தும் சார்ஜ் பம்ப் ஐசி ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு இண்டிகேட்டருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.