கேள்வி-பதில்: பழைய காருக்குள் மழைத் தண்ணீர்

கேள்வி: அப்பா 1984-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. இரண்டு வருடமாக மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. மேட்டைத் தூக்கினால் நாற்றம் தாங்கவில்லை. பட்டறையில் முன் கண்ணாடி ரப்பர், நான்கு கதவு ரப்பர், தரை மேட் எல்லாவற்றையும் மாற்ற 28,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பட்டறைக்காரர் உங்களுக்குக் காட்டியதாகக் கடிதத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்காமல் எதை மாற்றினாலும் குருட்டாம்போக்குதான். தண்ணீர் தேங்கும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறொன்று. கண்ணாடியின் மேல் மூலையில் புகுந்த நீர் ஓரத்துத் தூண் வழியாக இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடி, காலடியில் வந்து நிற்கும். எங்கள் வீட்டுப் பழைய காரில் இரண்டு மழைக்காலம் கதவு ரப்பரை மாற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் பார்த்தால், வைப்பர் தண்டு பாடியைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் இருந்த சின்ன ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் வழியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் மேட்டையும் அதன் அடியில் உள்ள ஃபெல்ட் என்ற தடித்த விரிப்பையும் எடுத்து நன்றாக வெயிலில் போடுங்கள். ஃபெல்ட் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அது காயாதவரை சோதனையை நம்ப முடியாது. காரில் பிற்பாடு ஏசி பொருத்தியிருந்தால், மழை இல்லாத நாளில் ஏசியை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் காலடி நனைந்தால், அடைத்துக்கொண்டிருப்பது ஏசியின் தண்ணீர் வடியும் குழாய்.

தரை காய்ந்ததும் டேஷ்போர்டின் அடிப்பகுதியிலும் கதவோரங்களிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே தோட்டத்துக் குழாயைப் பிடிக்கட்டும். கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவுக் கண்ணாடி, பிறகு முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, வைப்பர், கடைசியில் கண்ணாடியின் மேல் விளிம்பு. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நீர் விழட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் சேர்ந்து நனைந்துவிடும், எது ஓட்டை என்றே தெரியாது. வாட்டர் சர்வீஸ் பம்ப் வேண்டாம். மழை போகாத இடத்துக்குள்ளும் அது தண்ணீரைத் திணித்துவிடும். பவுடரில் விழும் கோடு உங்களுக்கு வழி காட்டும்.

கதவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கதவுக்குள் மழை நீர் போவது கோளாறே இல்லை. கண்ணாடியை ஒட்டி உள்ளே இறங்கும் நீர் கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகள் மண்ணாலோ பெயின்ட்டாலோ அடைபட்டால் கதவே தொட்டியாகிவிடும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள், செலவே இல்லை. உட்புறக் கதவு அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளும் இருக்க வேண்டும். யாராவது ரிப்பேருக்குக் கழற்றியபோது அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் அட்டை ஊறி உப்பும், நீர் உள்ளே வழியும். ரப்பர் சரியாக அழுத்துகிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் பிடிப்பு இல்லை.

முன் கண்ணாடி ரப்பர்தான் காரணம் என்று உறுதியானால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றியதும் புது ரப்பர் போடுவதற்குள் நீங்கள் அங்கே இருந்து அந்தத் தகர விளிம்பைப் பார்க்க வேண்டும். ரப்பருக்கு அடியில் துரு தின்றிருந்தால் எந்த ரப்பரும் உட்காராது. துருப்பிடித்ததை வெட்டி, புதுத் தகரம் வெல்டு செய்து, பிரைமர் அடித்த பிறகே கண்ணாடி ஏற வேண்டும். பட்டி என்ற நிரப்பும் பசையைப் பூசி மூடச் சம்மதிக்காதீர்கள். ரப்பர் வாங்கப் போகும்போது பழையதில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது, ஆனாலும் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

தரையை அலட்சியமாக விடவே கூடாது. அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டம், கிடையாது. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு ஏறினால் அது பயணிக்கிறவர்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். புது மேட் எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு நல்ல மழை நனையாமல் கழிந்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: கண்ணாடி ஓரமெல்லாம் சிலிகான் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி ஒழுகுகிறது. கடைக்காரர் இனி பொறுப்பில்லை என்கிறார்.

பதில்: சாதாரண சிலிகான் வகைகள் பலவற்றில் காயும்போது வினிகர் வாடை வரும். அந்த அமிலம் தகரத்தில் துருவைக் கிளப்பும், அதன் மேல் பெயின்ட்டும் பிடிக்காது. பழைய கார்களுக்கு வேண்டியது ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே கெட்டியாகாமல் இளகியே இருக்கும் பியூட்டைல் வகைப் பசை. சரி, பணத்துக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. ஒழுகுவதை வீடியோ எடுத்து, பில் நகலோடு, வேலையைத் திரும்பச் செய்யுங்கள் அல்லது பணத்தைத் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பில் வாங்கவில்லை என்றால், ஜிபே போல எதில் கட்டினீர்களோ அந்தப் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினி ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ஒழுகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். புது மேட் பளபளவென்று கிடந்தால் அதைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடியில் கையை வைத்துத் தடவுங்கள். அங்கே ஈரம் இருந்தால், ஒழுகலைச் சரிசெய்யும் செலவைத் தகர வேலை செய்யும் டிங்கரிடம் கேட்டுக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.