இரகசிய அமைப்புகளுக்குள் நம்பிக்கை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒருவரையொருவர் அறியாத உறுப்பினர்கள் எவ்வாறு இணைந்து செயல்படுகிறார்கள்?

பதில்: முன்கூட்டியே வகுத்த நடைமுறைதான் அவர்களை இணைக்கிறது. ஒரு குழுவில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டுமே மேலிடத்து ஆளைத் தெரியும், அதுவும் பெரும்பாலும் புனைபெயரால். பிடிபட்டவர் சித்திரவதையில் வாய் திறந்தாலும் தமக்குத் தெரிந்த சிலரைத்தான் காட்டிக்கொடுக்க முடியும்.

கேள்வி: இதனால் வேலை கெடாதா?

பதில்: கெடும். இரண்டாம் உலகப்போரின்போது அணுகுண்டு தயாரித்த அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்தில், தம் பணிக்குத் தேவையானதை மட்டுமே ஒவ்வொருவரும் அறிய வேண்டும் என்பது தளபதி லெஸ்லி குரோவ்ஸின் விதி. ஆனால், லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் கூடிக் கலந்து பேசியே ஆக வேண்டும் என்று அதன் இயக்குநர் ஓப்பன்ஹைமர் வாதாடி இசைவு பெற்றார். அங்கிருந்த இயற்பியலாளர் கிளாஸ் ஃபூக்ஸ் சோவியத் ஒன்றியத்துக்குத் தகவல் கொடுத்து, 1950இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் என்பது உண்மையே. அப்படியிருந்தும் என் மனம் ஓப்பன்ஹைமர் பக்கமே சாய்கிறது.

கேள்வி: தொலைவில் இருப்பவர் பிடிபட்டுவிட்டார் என்பதைத் தலைமை எப்படி அறியும்?

பதில்: அதற்கென்றே செய்திகளில் ஓர் அடையாளப் பிழையைச் சேர்க்கும் வழக்கம் உண்டு, அப்பிழை இல்லாத செய்தி எதிரியின் பிடியிலிருந்து வருகிறது என்று பொருள். 1942 மார்ச்சில், எதிரி வசமிருந்த நாடுகளில் இரகசியமாக இயங்கிய பிரிட்டனின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவுக்காக நெதர்லாந்தில் வானொலிக் கருவியில் செய்தி அனுப்பிவந்த ஹூப் லாவர்ஸை ஜெர்மானியர்கள் பிடித்து, தங்கள் கண்காணிப்பில் லண்டனுக்குச் செய்தி அனுப்ப வைத்தார்கள். அவர் அடையாளப் பிழையைத் தவிர்த்தார். 'பிடிபட்டேன்' எனப் பொருள்தரும் எழுத்துகளையும் இடையே நுழைத்துப் பார்த்தார். லண்டன் அதைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் ஆட்களை வான்குடையில் இறக்க, ஏறத்தாழ 50 பேர் நேரே பகைவர் கையில் விழுந்தனர், பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். எச்சரிக்கை முறை தன் வேலையைச் சரியாகவே செய்தது. தங்கள் ஒற்றர் வலைப்பின்னல் வளர்கிறது என்று நம்ப விரும்பியவர்கள்தான் அதைப் படிக்கத் தவறினார்கள்.

கேள்வி: நெடுங்காலம் பணியாற்றியவரை நம்பலாம் அல்லவா?

பதில்: பணிக்காலம் சான்றாகாது. 1979இல் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்கத் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி இராபர்ட் ஹான்சன் 2001 வரை பிடிபடவில்லை. துரோகியைக் கண்டறியும் ஆய்வே ஒருமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கேள்வி: அப்படியெனில் எல்லோரையும் சந்தேகிப்பதுதான் வழியா?

பதில்: அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்க வெளிநாட்டு உளவுத்துறையான சி.ஐ.ஏ.வில் எதிரி ஒற்றர்களைக் கண்டறியும் எதிருளவுப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் ஆங்கிள்டன், 1961இல் தப்பி வந்த ஒரு சோவியத் அதிகாரியின் பேச்சை நம்பி, உள்ளிருக்கும் ஒற்றரை ஆண்டுக்கணக்கில் தேடினார். ஒற்றர் எவரும் அகப்படவில்லை. குற்றமற்ற அதிகாரிகள் சிலரின் பணிவாழ்வு பாழாகி, சி.ஐ.ஏ.வின் சோவியத் பிரிவு வேலையும் முடங்கியது. 1974இல் அவரே பதவி விலக நேர்ந்தது.