பட்டறைக் கணக்குக்கு ஒரு தாள், ஒரு கால்குலேட்டர்: கேள்வி பதில்

மோட்டார் பட்டறையில் நெட் இல்லாமல் போடக்கூடிய கரண்டு கணக்குகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். த்ரீ பேஸ் என்றால் 415 வோல்ட், சிங்கிள் பேஸ் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர், ரீவைண்டிங் பட்டறை: அண்ணா, எங்கள் ஷெட்டுக்குள் சிக்னலே கிடையாது. போனில் இருக்கிற ஆப் நெட் இல்லாவிட்டால் திறக்க மாட்டேன் என்கிறது. ஆம்ப்ஸ், ஒயர் சைஸ், வோல்டேஜ் டிராப் இந்த மூன்றும்தான் வேண்டும். என்ன வைத்துக்கொள்ளலாம்?

முதலில் லேமினேட் செய்த ஒரு ஏ4 தாள். அதை டெஸ்ட் பெஞ்சுக்கு மேலே மாட்டுங்கள். ஒரு பக்கம் சூத்திரங்கள், இன்னொரு பக்கம் கேஜ் (கம்பித் தடிமன் எண்) அட்டவணையும் காப்பர் ஒயரின் ஓம் மதிப்பும். கிலோமீட்டருக்கு 1.5 ச.மி.மீ. ஒயர் 12.1 ஓம், 2.5 என்றால் 7.41, 4 என்றால் 4.61, 6 என்றால் 3.08, 10 என்றால் 1.83. பட்டறையில் வருகிற பாதிக் கேள்விக்கு இந்த ஐந்து எண்ணே பதில் சொல்லிவிடும்.

அடுத்தது ஒரு சயன்டிபிக் கால்குலேட்டர். வர்க்கமூலமும் மெமரியும் இருந்தால் போதும். கை எண்ணெயாக இருந்தாலும் பட்டனை அழுத்தலாம், அதனாலேயே போனைவிட அது எனக்குப் பிடிக்கும்.

பழைய லேப்டாப் இருந்தால் லிப்ரே ஆபீஸில் ஒரு ஷீட் போடுங்கள். நாம் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம், சூத்திரக் கட்டங்களுக்குப் பூட்டு. முக்கியமான விஷயம், ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது எதை வைத்துக்கொண்டு வந்த விடை என்று எழுதியிருக்க வேண்டும். '415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.8, லைன் கரண்ட்' என்று இல்லாத வெறும் எண்ணை நம்பி யாரும் ஓவர்லோடு ரிலேயை, அதாவது கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துகிற கருவியை, திருகக் கூடாது. ஏன் என்று கீழே வருகிற ஸ்டார் டெல்டா கேள்வியில் தெரியும்.

திருப்பூர்: 1 எச்.பி.க்கு எத்தனை ஆம்ப்ஸ்?

1 எச்.பி. என்பது 746 வாட். த்ரீ பேஸில் வாட்டை 1.732, வோல்ட், பவர் ஃபேக்டர், எபிஷியன்ஸி நான்கின் பெருக்கலால் வகுக்க வேண்டும். பவர் ஃபேக்டர் என்பது இழுக்கிற கரண்டில் வேலைக்கு ஆகிற பங்கு, எபிஷியன்ஸி என்பது உள்ளே போகிற வாட்டில் தண்டில் வேலையாக வெளிவருகிற பங்கு. 5 எச்.பி.க்கு 3730 வாட். பவர் ஃபேக்டர் 0.8, எபிஷியன்ஸி 0.85 என்றால் 7.6 ஆம்ப்ஸ் வரும். அதாவது எச்.பி.க்கு ஒன்றரை ஆம்ப்ஸ். சிங்கிள் பேஸில் எச்.பி.க்கு ஐந்தரையிலிருந்து ஆறு. இது மதிப்பீடுதான். நேம் பிளேட் படிக்கிற நிலையில் இருந்தால் அதில் உள்ள ஆம்ப்ஸ்தான் கணக்கு. முதலில் நேம் பிளேட், அப்புறம்தான் கால்குலேட்டர்.

தாராபுரம், விவசாயி: ஐயா, மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 300 மீட்டர். 7.5 எச்.பி. மோட்டார். 4 ச.மி.மீ. காப்பர் கேபிள் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். சாயங்காலம் வோல்டேஜ் 380க்கு இறங்கிவிடுகிறது.

போதாது. தாளை எடுங்கள். மோட்டார் சுமார் 11.2 ஆம்ப்ஸ் இழுக்கும். 4 ச.மி.மீ. கேபிளில் 300 மீட்டருக்கு ஒரு கம்பியின் ஓம் 1.38. த்ரீ பேஸ் டிராப் என்பது 1.732 பெருக்கல் ஆம்ப்ஸ் பெருக்கல் ஓம். விடை கிட்டத்தட்ட 27 வோல்ட். பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் டிராப் கொஞ்சம் குறையும், கேபிள் சூடானால் ஏறக்குறைய அதே அளவு ஏறும். அதனால் இந்த எளிய கணக்கே பட்டறைக்குப் போதும்.

415 வரும் நேரத்தில் 27 வோல்ட் என்பது ஆறரை சதவீதம். உங்கள் ஊரில் 380தான் வருகிறது என்றால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 353. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 353ஐ 415ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள், 0.72 வரும். கால் பங்குக்கு மேல் பலம் போய்விட்டது. ஆனால் பம்புக்கு வேண்டிய லோடு குறையவில்லை, அதனால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், டிராப் இன்னும் ஏறும், காயில் சூடாகும். விவசாயக் கிணறுகளில் எரிந்து வருகிற மோட்டார்களில் பலவற்றுக்கு வியாதி மோட்டாரில் இல்லை, கேபிளில் இருக்கிறது. ரீவைண்டிங் செய்து அதே கேபிளில் மாட்டினால் மறுபடி எரியும்.

6 ச.மி.மீ. போட்டால் டிராப் 18 வோல்ட், 10 போட்டால் 11க்கும் கீழே. உங்கள் இடத்துக்கு 10 போடுங்கள். நீர்மூழ்கி மோட்டார் என்றால் கிணற்றுக்குள் இறங்குகிற நீளத்தையும் 300 மீட்டரோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கரூர்: 3 எச்.பி. எத்தனை ஆம்ப்ஸ் எடுக்கும்?

மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்னதேதான். நேம் பிளேட் பாருங்கள்.

ஐடிஐ மாணவர், சேலம்: அண்ணா, ஷீட்டில் கெபாசிட்டர் கணக்கு போட்டேன். டேன் பை என்ற இடத்தில் விடை தாறுமாறாக வருகிறது.

தம்பி, லிப்ரே ஆபீஸ், எக்செல் இரண்டுமே கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரிக்குக் காஸ் 0.866. ஷீட்டில் வெறும் 30 என்று கொடுத்தால் 0.154 என்று காட்டும். நல்ல வழி, கோணத்தையே தொடாமல் இருப்பது. 1ஐப் பவர் ஃபேக்டரின் வர்க்கத்தால் வகுத்து, 1 கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் டேன் பை நேராகக் கிடைக்கும். இப்போதைய பவர் ஃபேக்டர் 0.7க்கு 1.02, உயர்த்த வேண்டிய 0.95க்கு 0.33. வித்தியாசம் 0.69. மோட்டார் இழுக்கும் கிலோவாட்டை இதனால் பெருக்கினால் கேவிஏஆர், அதாவது வேண்டிய கெபாசிட்டரின் அளவு. 10 எச்.பி. மோட்டார், எபிஷியன்ஸி 0.87 என்றால் சுமார் 6 வரும். கெபாசிட்டரை மோட்டார் டெர்மினலிலேயே கட்டுவதாக இருந்தால், லோடு இல்லாமல் ஓடும்போது மோட்டார் எடுக்கிற கேவிஏஆரில் 90 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சப்ளை போன பிறகும் மோட்டார் தானாகவே வோல்டேஜ் கிளப்பும்.

ஈரோடு, ரீவைண்டிங்: 19 கேஜ் கம்பி கடையில் இல்லை. மெல்லிய கம்பி இரண்டு சேர்த்துச் சுற்றலாமா? எந்தக் கேஜ்?

சுற்றலாம். விட்டத்தின் வர்க்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள், பை எல்லாம் வேண்டாம். 19 கேஜ் 1.016 மி.மீ., வர்க்கம் 1.032. 22 கேஜ் 0.711 மி.மீ., இரண்டு கம்பிக்கு 1.011. இரண்டு சதவீதம்தான் குறைவு, தாராளமாகப் போடலாம். 23 கேஜ் இரண்டு போட்டால் 0.744. அது 28 சதவீதம் குறைவு, காயில் வெந்துவிடும்.

பாதி விட்டமுள்ள கம்பி இரண்டு சேர்த்தால் சரியாகிவிடும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பாதி விட்டம் என்றால் நான்கு கம்பி வேண்டும். கம்பியை அளக்கும்போது எனாமலை எரித்துத் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டர் வையுங்கள். இரண்டு கம்பிக்கு எனாமலும் இரண்டு பங்கு, அதனால் ஸ்லாட்டில் (காயில் உட்காரும் பள்ளத்தில்) இடம் இருக்கிறதா என்று ஒரு காயில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைச் சுற்றுங்கள்.

பல்லடம், நூல் மில் எலக்ட்ரீஷியன்: 15 எச்.பி. ஸ்டார் டெல்டா. நேம் பிளேட்டில் 20.8 ஆம்ப்ஸ். ரிலேயை எதில் வைப்பது?

பெரும்பாலான ஸ்டார்டரில் 12ல். ஸ்டார் டெல்டா என்றால் மோட்டார் காயில்களைக் கிளம்பும்போது ஸ்டாராகவும் ஓடும்போது டெல்டாவாகவும் கான்டாக்டர் என்கிற சுவிட்சுகளால் இணைக்கிற ஸ்டார்டர். ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே, மோட்டாரின் யு1, வி1, டபிள்யு1 ஒயர்களில் இருக்கும். டெல்டா கான்டாக்டருக்குப் போகும் ஒயர் மெயின் கான்டாக்டருக்கு மேலேயே பிரிந்துவிடும். ஆக ரிலே வழியாகப் போவது பேஸ் கரண்ட், அதாவது ஒரு பேஸ் காயிலுக்குள் ஓடும் கரண்ட் மட்டும். டெல்டாவில் அது லைன் கரண்டை 1.732ஆல் வகுத்தது, அதாவது 0.58 பங்கு. 20.8ஐ 0.58ஆல் பெருக்கினால் 12.

பெருந்துறை: இதை ஒத்துக்கொள்ள முடியாது. 20 ஆம்ப்ஸ் மோட்டாரை 12ல் வைத்தால் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். நான் முப்பது வருடமாக நேம் பிளேட் ஆம்ப்ஸில்தான் வைக்கிறேன். நீங்களே நேம் பிளேட் பார் என்கிறீர்கள்!

நேம் பிளேட்டில் இருப்பது லைன் கரண்ட். உங்கள் ரிலே எந்தக் கரண்டைப் பார்க்கிறது என்பது நேம் பிளேட்டில் இருக்காது, ஒயரிங்கில்தான் இருக்கும். மோட்டார் டெல்டாவில் லோடோடு ஓடும்போது கிளாம்ப் மீட்டரை முதலில் ஸ்டார்டருக்கு வருகிற ஒயரில் போடுங்கள், அப்புறம் ரிலேயிலிருந்து வெளியே போகிற ஒயரில் போடுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணில் 58 சதவீதம் இருந்தால் நான் சொன்னது உங்கள் ஸ்டார்டருக்குப் பொருந்தும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் ரிலே மெயின் லைனில் இருக்கிறது, நேம் பிளேட் ஆம்ப்ஸே சரி.

ஆனால் பேஸ் கரண்டைப் பார்க்கிற ரிலேயை 20.8ல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். லைனில் 36 ஆம்ப்ஸ் வரை போனாலும் ரிலே அசையாது. மோட்டார் அதற்குள் கருகிவிடும். ட்ரிப் ஆகாததால் செட்டிங் சரி என்று அர்த்தம் இல்லை.

பல்லடம் (மறுபடி): கிளாம்ப் போட்டேன். உள்ளே 17, ரிலேக்குக் கீழே 9.8.

0.576. சரியாக இருக்கிறது. 12ல் வையுங்கள்.

பெருந்துறை (மறுபடி): அப்படியானால் ஸ்டார்டர் கம்பெனிக்காரன் ஏன் ரிலேயில் 20 வரை போட்டுக் கொடுக்கிறான்?

ஒரே ரிலே பல எச்.பி.க்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக அதற்கு ஒரு ரேஞ்சு இருக்கும். டயலில் ஒரு எண் இருப்பதால் அதில் வைக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் ஸ்டார்டரின் வரைபடம் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ரிலே எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரியும். முப்பது வருட அனுபவத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கையால் ஒரு தடவை கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவிநாசி: டைரக்ட் ஸ்டார்டரிலும் 0.58தானா?

இல்லை. அங்கே ரிலே லைன் கரண்டைத்தான் பார்க்கும். நேம் பிளேட் ஆம்ப்ஸ். ரிலேயை இத்துடன் விடுவோம்.

காங்கேயம்: நல்ல ஆப் ஒன்று சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள்.

மதுரை: எங்கள் வீட்டு கரண்ட் பில் அதிகமாக வருகிறது, மீட்டர் சரியில்லையா?

அதை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பட்டறைக் கணக்கால் தீராது.

நாமக்கல்: 1500 வாட் ஹீட்டர் 190 வோல்ட்டில் எவ்வளவு எடுக்கும்?

சுமார் 1020 வாட். 190ஐ 230ஆல் வகுத்து வர்க்கம் எடுத்து 1500ஆல் பெருக்குங்கள்.

உடுமலை: 2 எச்.பி. சிங்கிள் பேஸ் எத்தனை ஆம்ப்ஸ்?

எச்.பி.க்கு ஐந்தரை, ஆறு என்று எழுதியிருக்கிறேன். இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்: நேம் பிளேட்.

கோபி, ரீவைண்டிங்: அண்ணா, நேம் பிளேட்டே இல்லாத மோட்டார்கள்தான் எனக்கு வருகின்றன. காயில் ஓம் பார்த்தால் மல்டிமீட்டர் 0.9, 1.1 என்று ஆடுகிறது. நம்பலாமா?

நல்ல கேள்வி. நம்ப வேண்டாம். மல்டிமீட்டரின் லீடுகளுக்கே பத்தில் ஓரிரு பங்கு ஓம் இருக்கும். 12 வோல்ட் பேட்டரி எடுத்து, 21 வாட் வண்டி பல்பை வரிசையில் சேர்த்து, அந்தக் கரண்டைக் காயில் வழியாக விடுங்கள். ஒன்றரை ஆம்ப்ஸுக்கு மேல் போகும். அதை ஒரு மீட்டரில் அளந்துகொண்டு, காயிலின் இரண்டு டெர்மினலிலேயே இன்னொரு மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். பல்பின் ஒயரில் வைக்கக் கூடாது. 1.75 ஆம்ப்ஸ், 1.4 வோல்ட் என்றால் 0.8 ஓம்.

உள்ளே ஸ்டாராகக் கட்டியிருந்தால் இந்த 0.8 இரண்டு பேஸ் சேர்ந்தது, ஒரு பேஸுக்கு 0.4. டெல்டாவாக இருந்தால் நாம் பார்ப்பது ஒரு பேஸில் மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே பேஸ் ஓம் 1.2. மூன்று ஜோடியையும் அளந்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ காயில் ஷார்ட் ஆகியிருக்கிறது, இல்லை ஜாயிண்ட் சரியில்லை. பேட்டரியைக் கழற்றும்போது டெர்மினலைக் கையால் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள், அந்த நொடியில் காயில் நன்றாகவே உதைக்கும்.

எச்.பி. தெரியாவிட்டாலும் போல் (காந்த முனை) எண்ணிக்கையைக் காயில் பிட்ச், அதாவது ஒரு காயிலின் இரண்டு பக்கத்துக்கும் இடையே எத்தனை ஸ்லாட் என்று பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். 2 போல் என்றால் வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று, 4 போல் என்றால் 1500, ஓடும்போது 2880, 1440 அளவுக்கு இருக்கும். பழைய காயிலை வெட்டும் முன் சுற்று எண்ணிக்கை, கேஜ், பிட்ச், கோர் நீளம், உள்விட்டம் ஐந்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். சுற்றி முடித்ததும் இதே பல்பு முறையில் மறுபடி அளந்து பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அதே மோட்டார் அடுத்த முறை வரும்போது நேம் பிளேட் அந்தப் பக்கத்தில் இருக்கும்.