ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்? – வாசகர் கேள்வி பதில்

பதிப்புரிமைச் சட்டம், ஊடகம், படைப்பு ஆகியவை பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காப்பிரைட் சட்டம் சினிமாவையும் இசையையும் எப்படி மாற்றுகிறது என்பதை மேற்படிப்பில் ஆராய ஆசை. அதற்குச் சட்டம் படித்தே ஆகவேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, காட்பாடி

உங்கள் கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். 'நீதிமன்றம் ஏன் இப்படித் தீர்ப்பளித்தது?' என்று மனம் போனால் சட்டம் படியுங்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டு சட்டப்படிப்பு உண்டு. வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 'பாடலாசிரியர் ஏன் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்?' என்று போனால் ஊடகவியல் முதுகலையிலேயே ஆய்வேடாக எழுதலாம். முடிவெடுக்கும் முன், ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இணையத்தில் இலவசமாக நடத்தும் டிஎல்-101 என்ற பொதுப் பாடத்தை முடித்துவிடுங்கள். அதன்பிறகும் ஆர்வம் குறையாவிட்டால் இக்னோவில் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தொலைநிலை முதுகலை டிப்ளமோ இருக்கிறது.

சொல்லிலும் கவனம் வேண்டும். 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் காப்பிரைட்டுக்கும் எழுதுகின்றன, புதுக் கண்டுபிடிப்புக்குத் தரும் பேடன்டுக்கும் எழுதுகின்றன. ஆய்வேட்டில் காப்பிரைட்டுக்குப் 'பதிப்புரிமை' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்குக் கிடைத்தது இந்த இரண்டும் அல்ல, புவிசார் குறியீடு. அதற்குச் சட்டமே வேறு.

அடுத்தது, பதிப்புரிமைச் சட்டம், 1957. விளக்க நூல்களுக்குப் போகாமல் மூலச் சட்டத்தையே எடுங்கள். எதற்கெல்லாம் உரிமை உண்டு (13), அந்த உரிமை எவற்றை அடக்கியது (14), முதல் உரிமையாளர் யார் (17), எழுதிக்கொடுப்பது எப்படி (18, 19), எத்தனை காலம் (22 முதல்), எது மீறல் ஆகாது (52) என்ற வரிசையில் படியுங்கள். பலர் 52-ஐ மட்டும் படித்துவிட்டு வாதாட வருகிறார்கள். 14 புரியாமல் 52 புரியாது.

படித்த கையோடு ஒரு பயிற்சி. ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: வரிகள், மெட்டு, பாடகரின் நிகழ்த்துகை, ஒலிப்பதிவு, படம். ஒவ்வொன்றுக்கும் நேரே, உரிமை முதலில் யாருக்குப் பிறந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது, எந்தக் காகிதத்தின் பேரில் கைமாறியது என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதுதான் பேனா நிற்கும். ஒப்பந்தங்கள் வெளியே தெரிவதில்லை. அந்த வெற்றுக் கட்டம்தான் உங்கள் ஆய்வுக்களம்.

1977-இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு கொடுத்துப் படத்துக்காக எழுதவைத்த பாட்டுக்கும் இசைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 2012 திருத்தம் அதன் பலனில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. இந்த 35 ஆண்டு இடைவெளியில் பாட்டு எழுதும் தொழிலே எப்படி மாறியது என்பதை ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

'பதிப்புரிமை படைப்பாற்றலைத் தடுக்கிறதா?' என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். எண்பது பக்கத்தில் அதற்கு விடை கிடையாது. 'வேலூர் வட்டாரக் குறும்பட இயக்குநர்கள் பின்னணி இசையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எதற்குப் பயந்து எதைக் கைவிடுகிறார்கள்' என்று வையுங்கள். பதினைந்து பேரைப் பேட்டி கண்டு, ஒவ்வொருவரிடமும் முதல் எடிட்டையும் கடைசி எடிட்டையும் வாங்கி ஒப்பிட்டால் சட்டம் படைப்பைத் தொட்ட இடம் கண்ணுக்குத் தெரியும்.

தெருக்கூத்தைப் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். ஒரு குழுவின் கூத்தை இரவு முழுக்க வீடியோ எடுத்தேன். அதை யூடியூபில் போடலாமா? 'மகாபாரதம் எல்லாருக்கும் பொதுதானே' என்கிறார் நண்பர்.
– வாசகர், ஆரணி

பாரதக் கதை பொதுதான். நீங்கள் எடுத்த வீடியோவில் இருப்பது அந்தக் கதை மட்டும் அல்லவே. வழிவழியாக வந்த, ஆசிரியர் பெயர் தெரியாத பழம்பாட்டுக்கு உரிமை கோர ஆளில்லை. ஆனால் கூத்துக்குழுவை நடத்தும் வாத்தியார் தாமே கட்டிச் சேர்த்த விருத்தமும் வசனமும் அவருடைய படைப்பு. நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தாலே போதும், உரிமை பிறந்துவிடும். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது நிகழ்த்துகை. வேஷம் கட்டி ஆடுகிறவர், பின்பாட்டுக்காரர், முகவீணைக்காரர், மிருதங்கக்காரர் ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநர். அவர்களுடைய உரிமை, நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு. அனுமதி இல்லாமல் பதிவு செய்வதையும் பதிவைப் பரப்புவதையும் அவர்கள் தடுக்கலாம். உங்களுக்கு உதவுவது 39-ஆம் பிரிவு. உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டும் பதிவு செய்வது மீறல் அல்ல என்கிறது அது. ஆய்வுக்கு எடுத்தவரை குற்றமில்லை. யூடியூபில் ஏற்றும் நொடியில் அந்த 'மட்டும்' போய்விடும்.

ஆகவே ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், தமிழில், ஒரே பக்கத்தில். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கூத்து, எதற்கு (ஆய்வேடு, நூலக வைப்பு, இணையம் என்று தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் சரி/வேண்டாம் கட்டத்தோடு), முழு இரவா, பத்து நிமிடத் துண்டா, எத்தனை ஆண்டு, விளம்பர வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, யார் பெயர் எப்படிப் போட வேண்டும். காலம் எழுதாமல் உரிமையை எழுதி வாங்கினால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்துக்கு அது போதாது.

வாத்தியாரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டுத் திரும்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குழுவை நடத்துகிறவர் அவர் என்பதால் மற்றவர்களின் நிகழ்த்துகை உரிமை அவருடையது ஆகிவிடாது. விடிந்ததும் அரிதாரம் கலைக்கும்போது கேட்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் சரி என்பார்கள். சாயங்காலம் முகத்துக்கு எழுத உட்காரும் முன்பே படித்துக்காட்டி வாங்குங்கள்.

இன்னொரு இடத்திலும் இடறும். நள்ளிரவு தாண்டி, கூட்டம் தூங்கி வழியும் நேரத்தில் கட்டியங்காரன் ஆர்மோனியத்தோடு ஒரு சினிமா மெட்டை எடுத்துவிடுவார். அந்த இரண்டு நிமிடத்தில் சினிமா ஒலிப்பதிவு இல்லை, ஆனால் சினிமா மெட்டு இருக்கிறது. யூடியூபின் தானியங்கி ஒப்பீடு மெட்டையும் பிடிக்கும். பிடித்தால் முதலில் வருவது உரிமைக் கோரல், ஸ்ட்ரைக் எனப்படும் சேனல் மீதான எச்சரிக்கை அல்ல. கோரலை நீங்கள் மறுத்தால் எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் உண்டு. எழுத்துப்பூர்வமாக நீக்கச் சொன்னால்தான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். இணையத்துக்கான பிரதியில் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். ஆய்வேட்டுப் பிரதியில் வெட்டாதீர்கள். கூத்து எதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் புத்தக அத்தியாயங்களை எடுத்து பைண்ட் செய்து தருகிறார்கள். இது திருட்டா?
– வாசகர், குடியாத்தம்

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகலகத்தின் மீது 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கு இதே கேள்விதான். 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது மீறல் அல்ல, கடைக்காரர் எடுத்துக்கொடுத்தாலும் அதே நிலைதான் என்றது. 'பத்து சதவீதம் வரை போகலாம்' என்று ஒரு கணக்கு உலவுகிறது. அப்படி ஓர் எண்ணை அந்தத் தீர்ப்பு வைக்கவில்லை. பாடத்துக்குத் தேவையான அளவா என்பதே அளவுகோல். முழுப் புத்தகத்தையும் நகலெடுப்பது சரியா என்ற கேள்வியை அமர்வு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. பதிப்பகங்கள் 2017-இல் வழக்கைத் திரும்பப் பெற்றதால் அது விடை காணாமலே நின்றது.

ஆகவே பாடத்திட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட அத்தியாயங்களின் தொகுப்பு பாதுகாப்பானது. முழு நாவலை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் விடுவது அப்படியல்ல.

மு.வ.வின் நாவல் ஒன்றைக் குறும்படமாக எடுக்க ஆசை. அனுமதி வேண்டுமா?
– வாசகி, வாலாஜா

கணக்கு எளிது. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. மு.வ. மறைந்தது 1974. ஆக 2034 டிசம்பர் 31 வரை உரிமை வாரிசுகளிடமோ, அவர்கள் எழுதிக்கொடுத்தவரிடமோ இருக்கும். பதிப்பகத்திடம் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அச்சிடும் உரிமை வேறு, படமாக்கும் உரிமை வேறு.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு: நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. பாரதியின் உரிமையை அரசு 1949-இலேயே கையகப்படுத்தியது. கல்கி 1954-இல் மறைந்தார், கணக்குப்படி 2014 முடியும்வரை காத்திருக்க வேண்டும். 1999-இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டார். அதன்பின் அவர் நாவல்கள் எத்தனை பதிப்பில், எத்தனை விலையில் வந்தன என்று ஒரு புத்தகக் கடையின் அலமாரியிலேயே எண்ணிவிடலாம். சட்டம் படைப்பின் புழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிட அருகில் தரவு கிடையாது. எடுப்பதற்குமுன் நாட்டுடைமைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நூல் பொதுவானாலும், புதிய பதிப்பிலுள்ள முன்னுரைக்கும் ஓவியத்துக்கும் உரிமை தனி.

பழைய நூலிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தால் தப்பில்லையா? அதுதான் காலாவதி ஆகிவிட்டதே.
– வாசகர், ராணிப்பேட்டை

பதிப்புரிமை மீறல் இல்லை. கருத்துத் திருட்டு. இரண்டும் வேறு. நூறாண்டுப் பழைய கட்டுரையை உங்கள் பெயரில் போட்டால் நீதிமன்றத்துக்கு வேலை இல்லை, பல்கலைக்கழகத்துக்கு உண்டு. யூஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. எதிர்ப்பக்கமும் உண்டு: பெயரை ஒழுங்காகச் சொல்லிவிட்டு ஒரு கவிதைத் தொகுப்பை முழுதாக அச்சிட்டால் அது கருத்துத் திருட்டு அல்ல, பதிப்புரிமை மீறல்.

என் திரைக்கதையைப் பதிவு செய்ய என்ன செலவு? தலைப்பையும் காப்பாற்ற முடியுமா?
– வாசகர், ஆற்காடு

இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். மத்தியப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்பி, பிரதியை இணைத்தால் டைரி எண் வரும். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருந்து, பிறகு பரிசீலனை. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது பதிவு ஆகாது. தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கதைக்கருவுக்கும் இல்லை, அது 1978 தீர்ப்பு. ஆகவே ஒற்றைப் பக்கச் சுருக்கத்தைப் பதியாதீர்கள். காட்சி பிரித்து, வசனத்தோடு எழுதி முடித்த பிரதியைப் பதியுங்கள்.