சிவப்பு, நீலம், நீலம்... அப்புறம்?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. சிவப்பு, நீலம், நீலம் என்று மணி கோத்துக் கொடுத்தால், சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்றே தொடர்கிறாள். கணக்கு வராதோ?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கவலையே வேண்டாம். இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று மாறுவதுதான் முதலில் பிடிபடும். 'சிவப்பு-நீலம்-நீலம்' என்ற துண்டை மூன்று முறையாவது கோத்துக் காட்டுங்கள். ஒரே முறை காட்டிவிட்டு அடுத்து என்ன என்று கேட்டால் பெரியவர்களாலும் சொல்ல முடியாது. கோக்கும்போதே ராகம் போட்டு வாய்விட்டுச் சொல்லட்டும். அப்புறம் மணியை எடுத்து வைத்துவிட்டு, ஒரு கைதட்டல், தொடையில் இரண்டு தட்டு என்று அதையே செய்யச் சொல்லுங்கள். என் பாலர் வகுப்பில் நான் ஆசையாகக் காத்திருப்பது இதற்குத்தான்: நிறம் போய் ஓசை வந்தாலும் ஒழுங்கு அதேதான் என்று பிள்ளை கண்டுகொண்டால், இயற்கணிதத்துக்கே அஸ்திவாரம் விழுந்தாயிற்று. கோலத்தில் 1, 3, 5 என்று புள்ளி ஏறுவதை அடுத்த வருடம் காட்டலாம்.