கேளுங்க, சொல்றேன்: ஸ்னோஷூல முதல்ல உடையறது எது?

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஸ்னோஷூ பத்திதான், அதாவது ஸ்னோல கால் ஆழமா புதையாம இருக்க பூட்ஸுக்கு அடியில மாட்டற அகலமான சட்டம். முதல் ஸ்னோ விழுந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆசை வந்துருது போல. வந்ததுல நாலஞ்சு மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணை, நான் ஸ்காபரோவில இருந்து எழுதுறன். போன வருஷம் மலிவா ஒரு சோடி ஸ்னோஷூ வாங்கினனான். அல்கோன்குயின் பார்க்கில ரெண்டாந்தரம் போட்டு நடக்கேக்கை கால் கட்டுற பட்டி அறுந்து போச்சு. இந்த முறை காசு கூடப் போனாலும் பரவாயில்லை, பத்து வருஷம் உழைக்கிற சோடி வேணும். அலுமினியம் ஃப்ரேம் நல்லதோ, பிளாஸ்டிக் நல்லதோ?

பதில்: தம்பி, உங்களுக்கு அறுந்தது பட்டி, நீங்க கேக்கறது ஃப்ரேம் பத்தி! நான் பார்த்த வரைக்கும் ஃப்ரேம் உடைஞ்சு நின்னவங்க ரொம்ப கம்மி, பைண்டிங் (பூட்ஸை ஸ்னோஷூவோட சேர்த்து கட்டற பகுதி, பட்டியும் அதுலதான்) போய் நின்னவங்கதான் ஜாஸ்தி. எனக்கே ஆச்சு. கியூபெக்ல காஸ்பேசி பக்கம் ஷிக்-ஷாக் மலை, மைனஸ் 24, காரு அஞ்சு கிலோமீட்டர் தள்ளி நிக்குது, வலது கால் ராட்செட் பட்டி (பல்லு பல்லா இழுத்து இறுக்கறது) அப்பளம் மாதிரி படக்குனு ஒடிஞ்சுது, பையில கிடந்த கயித்தை வச்சு கட்டி நடக்க, கொஞ்ச தூரத்துல அது அவுந்து, மறுபடி கட்டி, கட்டறதுக்கு கிளவுஸ கழட்டினா விரல் மரத்துப்போய், ஒருவழியா காருக்கு வரும்போது நல்லா இருட்டிருச்சு. எந்த பிராண்டுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அதனால கடைக்கு போனதும் முதல்ல பட்டியைத்தான் பிடிச்சு பாருங்க. ரப்பர் மாதிரி இழுபடற பாலியூரித்தேன் பட்டி, அதுல வரிசையா ஓட்டை, ஒரு சின்ன கொக்கி, இந்த மாதிரி இருந்தா நல்லது, குளிர்லயும் ஓரளவு வளைஞ்சு கொடுக்கும். ராட்செட்டும், திருகற டயல் வச்ச கம்பியும் போடறதுக்கு சொகுசுதான், ஆனா உள்ள ஐஸ் புடிச்சா மக்கர் பண்ணும், காட்டுக்குள்ள அதை ரிப்பேர் பண்றது கஷ்டம். பட்டியை மட்டும் தனியா வாங்கி மாத்த முடியுமான்னு கேளுங்க. கூடவே தடி மிட்டன் ஒன்னு எடுத்துட்டு போய், அதை மாட்டிக்கிட்டே பைண்டிங்கை போட்டு கழட்டி பாருங்க. கடைக்காரர் சிரிப்பாரு, சிரிச்சுட்டு போகட்டும்.

இப்ப ஃப்ரேமுக்கு வரேன். அலுமினியக் குழாய் ஃப்ரேம்ல நடுவுல இருக்கற டெக் துணியை குழாயை சுத்தி இழுத்து ரிவெட்டோ கிளிப்போ அடிச்சிருப்பாங்க. அந்த சுத்தற இடம்தான் பாறையில உரசி உரசி கிழியும். ஒன்டாரியோல டிசம்பர்ல ஸ்னோ கம்மி, கல்லும் கட்டையும் எட்டிப் பாக்கும், அப்ப இது சீக்கிரம் அடிவாங்கும். எம்எஸ்ஆர் கம்பெனியோட ஈவோ மாடல் மாதிரி ஒரே வார்ப்புல வர்ற பிளாஸ்டிக் டெக்ல அந்த தொல்லை இல்ல, அடியில நீளமா இரும்புப் பட்டை இருக்கும், நல்லா அடி தாங்கும். குறை என்னன்னா கெட்டி ஐஸ் மேல நடந்தா தகர டப்பாவை இழுத்துட்டு போற மாதிரி சத்தம், மான் பாக்கற ஆசை இருந்தா மறந்துருங்க. அதே கம்பெனியோட லைட்னிங் அசென்ட்ல ஃப்ரேம் விளிம்பே கத்தி மாதிரி பல்லு பல்லா இருக்கும், சரிவுல குறுக்கா போகும்போது நல்ல பிடிப்பு, விலையும் அதுக்கேத்த மாதிரி. அல்கோன்குயின்ல மேடு பள்ளமா போற டிரெயிலுக்கு அது தேவையே இல்லன்னு நினைக்கிறேன். ஐஸை கவ்விப் பிடிக்கற அடிப் பல்லு மட்டும் ஸ்டீலா இருக்கட்டும், அலுமினியப் பல்லு பாறையில பட்டு சீக்கிரம் மழுங்கிரும்.

என்ன வாங்கினாலும் பையில ஜிப் டை நாலஞ்சு, ரப்பர் ஸ்கீ ஸ்ட்ராப் ரெண்டு, கொஞ்சம் கம்பி, உங்க மாடல்ல கழண்டு விழற பின் இருந்தா ஸ்பேர் ஒன்னு வச்சுக்கோங்க. நான் இப்ப இது இல்லாம காரை விட்டே இறங்கறதில்ல.

கேள்வி: சார், கால்கரிக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, சொந்த ஊர் கோயம்புத்தூர். என் வெயிட் 82 கிலோ. கடையில 30 இன்ச் எடுக்க சொல்றாங்க, ஃப்ரெண்டு 25 போதும்ங்கறான். டிரெயில் இல்லாத பேக்கன்ட்ரி பக்கம் போகணும்னு ஆசை, எது எடுக்கட்டும்?

பதில்: 82 கிலோங்கறது குளிச்சுட்டு மெஷின்ல ஏறி நின்ன கணக்கு. பூட்ஸ், ஜாக்கெட், பை, தண்ணி, சாப்பாடு எல்லாம் சேர்த்தா 100 கிலோ வந்துரும், அந்த மொத்தத்தைத்தான் கம்பெனி சார்ட்ல பாக்கணும். உதாரணத்துக்கு மேல சொன்ன ஈவோ 22 இன்ச், தனியா 82 கிலோ வரைக்கும்தான், பின்னாடி 6 இன்ச் வால் ஒன்னு மாட்டினா 113 கிலோ வரைக்கும் தாங்கும். மிதிபட்ட டிரெயில்ல சின்னதே வசதி, ராக்கி மலையில விழற காஞ்ச பவுடர் ஸ்னோல (மாவு மாதிரி இறுகாத ஸ்னோ) பெருசு வேணும், வால் மாட்டற டைப்னா ரெண்டுக்கும் ஒரே சோடியில முடிஞ்சிரும். ஆனா எவ்ளோ பெருசு போட்டாலும் புது பவுடர்ல கொஞ்சம் புதையத்தான் செய்யும், காசு கொடுத்தும் புதையுதேன்னு அப்புறம் என்னை திட்டாதீங்க. ஏத்தம் ஜாஸ்தின்னா குதிகாலுக்கு கீழ தூக்கி வைக்கற கம்பி இருக்கற மாடல் எடுங்க, கெண்டைக்கால் உங்களை வாழ்த்தும்.

சைஸை விட முக்கியமா ஒன்னு சொல்லணும். ஸ்னோஷூ போட்டு மெதுவா நடக்கறவங்களுக்கு அவலாஞ்ச் (பனிச்சரிவு) வராது, அதெல்லாம் ஸ்கீ பண்றவங்க பிரச்சனைன்னு நம்மாளுங்க நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுலதான் பனி சரியும், ஆனா நீங்க நடக்கற பாதை சமமா இருந்தாலும் அந்த மாதிரி சரிவு தலைக்கு மேல இருந்தா சரிஞ்சு வர்றது உங்க மேலதான் விழும். புதைஞ்சவரை 10 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு, அதுக்கப்புறம் மளமளன்னு குறையும். அதனாலதான் ட்ரான்ஸீவர் (புதைஞ்சவர் இருக்கற இடத்தை சிக்னல் வச்சு தேடற கருவி), ப்ரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்கற நீளக் கம்பு), ஷவல் (தோண்டற மண்வெட்டி) மூணும் குரூப்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும், ஒருத்தர் பையில மட்டும் இருந்தா அவரே புதைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க? பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்கா நிர்வாகம்) தன்னோட நிறைய ரூட்டை அவலாஞ்ச் அபாயத்தை வச்சு சிம்பிள், சேலஞ்சிங், காம்ப்ளெக்ஸ் மாதிரி பிரிச்சு வச்சிருக்கு, முதல் சீசன் சிம்பிளை தாண்டாதீங்க. கிளம்பற அன்னிக்கு காலைல அவலாஞ்ச் ஃபோர்காஸ்ட் பாருங்க. அவலாஞ்ச்ல மாட்டாம இருக்க கத்துத்தர்ற ரெண்டு நாள் ஏஎஸ்டி 1 கோர்ஸ் இருக்கு, ஷூ வாங்கறதுக்கு முன்னாடி அதுக்கு பணம் கட்டுங்க, ஷூ அதுவரைக்கும் வாடகைக்கு எடுத்துக்கலாம்.

கேள்வி: கியூபெக் சிட்டி பக்கத்துல வென்டேக் போயிருந்தோம், அங்க மரத்துல செஞ்ச ஸ்னோஷூ பார்த்தேன். நிஜமாவே நடக்கலாமா, இல்ல சுவத்துல மாட்டற அழகுப்பொருள்தானா? (மான்ட்ரியல் வாசகி)

பதில்: தாராளமா நடக்கலாம்மா. வென்டேக் ஹூரான்-வென்டாட் மக்களோட ஊர், ஸ்னோஷூ அவங்க பரம்பரைத் தொழில். வெள்ளை ஆஷ் மரத்தை ஆவியில வச்சு வளைச்சு, பதனிடாத தோல் வாரால வலை மாதிரி பின்னுவாங்க. காட்டுக்குள்ள ஆழமான காஞ்ச ஸ்னோல இதுக்கு ஈடு இல்ல, சத்தமும் இல்ல. ஆனா அடியில பல்லு கிடையாது, ஐஸ் புடிச்ச சரிவுல ஏறினா வழுக்கிட்டு கீழதான் வருவீங்க. ஈர ஸ்னோல தோல் ஊறி தொங்கும், அதனால அப்பப்ப வார்னிஷ் அடிக்கணும். வீட்ல நாய் இருந்தா உயரத்துல மாட்டுங்க, அதுக்கு இது எலும்புத் துண்டு மாதிரி.

கேள்வி: அடிரான்டாக்ஸ் போறோம். பூட்ஸ்ல மாட்டற மைக்ரோஸ்பைக் இருக்கு, ஸ்னோஷூ கண்டிப்பா வேணுமா? (நியூஜெர்சி)

பதில்: அடிரான்டாக்ஸ் (நியூயார்க் மாநில மலைப்பகுதி) உள்ள ஹை பீக்ஸ் பகுதின்னா ஸ்னோ 8 இன்ச் தாண்டிட்டா ஸ்னோஷூவோ ஸ்கீயோ போடணும்னு ரூலே இருக்கு. பூட்ஸோட நடந்தா முழங்கால் ஆழத்துக்கு குழி விழும், ராத்திரி அது கல்லா இறுகிரும், மறுநாள் வர்றவர் அதுல கால விட்டு முறிச்சுக்குவாரு. ஸ்பைக்கும் பையில இருக்கட்டும், உச்சிக்கு பக்கத்துல வெறும் ஐஸ் வந்தா உதவும்.

கேள்வி: சீசன் முடிஞ்சதும் எப்படி எடுத்து வைக்கறது?

பதில்: கழுவி, துடைச்சு, நிழல்ல காய வைங்க. ஹீட்டர் பக்கத்துல வேணாம். பல்லு மழுங்கியிருந்தா அரம் போடுங்க. பார்க்கிங் லாட் தார்ல போட்டுட்டு நடந்த சோடின்னா கண்டிப்பா மழுங்கியிருக்கும், யாரு வீட்டுன்னு நான் சொல்லல, எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு.